ஒரு லேப்டாப், மூன்று ஆன்டிவைரஸ்: கணினிக் கேள்வி-பதில்

கல்லூரி திறக்கும் நேரம் என்பதால் இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை புது லேப்டாப் வாங்கியவர்களிடமிருந்து. வாங்கிய சந்தோஷம் அடங்குவதற்குள் ஆன்டிவைரஸ் தலைவலி. அதற்கே இந்த இதழை ஒதுக்கிவிட்டேன், மற்ற கேள்விகளைக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: வணக்கம் சார். மகள் கல்லூரியில் சேர்கிறாள் என்று லேப்டாப் வாங்கினோம். அதில் கம்பெனியே ஒரு ஆன்டிவைரஸை 30 நாள் ட்ரையலாகப் போட்டிருந்தது. கடைக்காரர் "அது போதாது" என்று சொல்லி ஒரு வருடத்துக்கான இன்னொரு ஆன்டிவைரஸைப் பெட்டியோடு விற்று, அங்கேயே போட்டும் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் என் தங்கை மகன், "ரெண்டுமே வேஸ்ட் மாமா, ஃப்ரீயாவே நல்லது இருக்கு" என்று மூன்றாவதாக ஒன்றை இறக்கிவிட்டுப் போய்விட்டான். இப்போது ஸ்டார்ட் ஆகவே அரை யுகம் ஆகிறது. ஒன்று மற்றொன்றை வைரஸ் என்கிறது. பேங்க் வெப்சைட் சில நேரம் திறப்பதில்லை. எதை வைத்துக்கொள்வது? (திருவண்ணாமலையிலிருந்து ஒரு தந்தை)

பதில்: லேப்டாப்பில் கோளாறு இல்லை, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். நீங்கள் எழுதிய மூன்று பெயர்களையும் நான் இங்கே போடவில்லை, ஏனென்றால் எந்த மூன்று பெயரை அந்த இடத்தில் வைத்தாலும் கதை இதேதான்.

ஆன்டிவைரஸ் என்பது வேர்டு, எக்செல் மாதிரி நாம் திறந்தால் மட்டும் வேலை செய்யும் சாஃப்ட்வேர் இல்லை. விண்டோஸின் அடித்தளமான கெர்னலில் தன் டிரைவரை, அதாவது விண்டோஸோடு ஒட்டி ஓடும் சிறு புரோகிராமை, இறக்கி வைத்துவிட்டு, எந்த ஃபைலைத் திறந்தாலும் தான் பார்த்த பிறகுதான் உங்களிடம் விடும். இப்படிக் குறுக்கே நிற்கும் டிரைவர்களை விண்டோஸ் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மைக்ரோசாஃப்ட் ஒரு எண் ஒதுக்குகிறது, ஆன்டிவைரஸ்களுக்கான எண்கள் 3,20,000-இல் தொடங்குகின்றன. அந்த அடுக்கில் மூன்று பேர் இருந்தால், மகள் ஒரு பிடிஎஃப்பைத் தொட்டதும் ஒன்று அதைச் சோதிக்கத் திறக்கும், அது திறந்ததைப் பார்த்து இன்னொன்று தானும் சோதிக்கக் கிளம்பும், இதற்குள் மூன்றாவது அதே ஃபைலைப் பிடித்து வைத்திருக்கும். மெதுவாவது மட்டும் என்றால் அதிர்ஷ்டம். சில நேரம் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டே எல்லாம் உறைந்து நின்றுவிடும், அல்லது விண்டோஸே நின்றுபோய் நீலத் திரை வரும்.

ஒன்று மற்றொன்றை வைரஸ் என்பதும் ஆச்சரியமில்லை. மற்ற புரோகிராம்களின் மெமரிக்குள் நுழைந்து பார்ப்பது, நெட்டில் போய்வரும் தகவலை நடுவில் மறித்துப் படிப்பது, தன்னை நிறுத்த முடியாமல் பூட்டிக்கொள்வது, இதெல்லாம் வைரஸ் செய்கிற வேலை, ஆன்டிவைரஸும் அதையேதான் செய்கிறது. நோக்கம் வேறு என்பது பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஆன்டிவைரஸுக்கு எப்படித் தெரியும்? பேங்க் வெப்சைட் மக்கர் செய்வதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்: பாதுகாப்பான தளங்களுக்குள்ளும் எட்டிப் பார்க்க சில ஆன்டிவைரஸ்கள், தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்குப் பதிலாகத் தங்கள் சான்றிதழை நடுவில் செருகுகின்றன, இரண்டு பேர் செருகினால் பிரவுசர் குழம்பிப்போய் கதவைச் சாத்திவிடும்.

இவை எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதற்கு 2024 ஜூலை 19-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது, நம் ஊர் விமான நிலையங்களில்கூட கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது அலுவலகங்களுக்கான சாஃப்ட்வேர், உங்கள் வீட்டுக்கு வராது. ஆனால் ஒன்று தவறினாலே அந்தக் கதி என்றால், ஒன்றையொன்று நம்பாத மூன்றை அதே ஆழத்தில் இறக்கி வைப்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி எதை எடுப்பது. நீங்கள் எண்ணாமல் விட்ட நான்காவது ஒன்று இருக்கிறது: விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். இந்த நான்கில் முரண்டு பிடிக்காதது அது ஒன்றுதான். வெளி ஆன்டிவைரஸ் ஒன்று வந்து பதிவு செய்துகொண்டதும் தானாக ஒதுங்கிவிடும், அதை எடுத்துவிட்டால் தானாகத் திரும்பி வரும். ஸ்டார்ட்டில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, செட்டிங்ஸில் மேனேஜ் ப்ரொவைடர்ஸ் என்ற இடத்துக்குப் போனால் இப்போது யார் யார் காவலில் இருப்பதாக விண்டோஸ் நினைக்கிறது என்ற பட்டியல் தெரியும். முதலில் அதைப் பாருங்கள்.

மருமகன் போட்ட இலவசத்தை முதலில் எடுங்கள். அடுத்து ட்ரையல். கடைக்காரர் விற்றதற்குப் பணம் கொடுத்து, கீயும் (பெட்டியில் வரும் உரிம எண்) போட்டாகிவிட்டது என்பதால் அதையே இந்த ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்த காசை வீணாக்க வேண்டாம். (இதே நிலைமையில் இருந்து, கீயை இன்னும் சுரண்டாமல் வைத்திருப்பவர்கள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடிந்தால் மூன்றையும் எடுத்துவிட்டு டிஃபெண்டரோடு இருந்துவிடலாம்.) இதில் ஒரு சின்ன சிக்கல், சண்டைக்கு நடுவில் நிறுவப்பட்டது அரைகுறையாக இறங்கியிருக்கலாம். அதனால் அதையும் ஒருமுறை எடுத்துவிட்டு, மற்ற இரண்டும் சுத்தமாகப் போன பிறகு அதே கீயை வைத்து மறுபடி போடுவது நல்லது. எடுப்பதற்கு முன் பெட்டியும் கீயும் கையில் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள், அதே கணினியில் மறுபடி போட கீ ஏற்குமா என்பதையும் பெட்டியில் இருக்கும் எண்ணில் கேட்டுவிடுங்கள்.

எடுப்பது என்றால் ஐகானை டிலீட் செய்வது இல்லை, ஃபோல்டரை அழிப்பதும் இல்லை. செட்டிங்ஸ், ஆப்ஸ் போய் அன்இன்ஸ்டால் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படி எடுத்த பிறகும் டிரைவர்கள் சில நேரம் பின்னால் தங்கிவிடும், பழையதன் பெயரில் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். இதற்கென்றே கம்பெனிகள் தனிக் கருவி வைத்திருக்கின்றன: மெக்காஃபிக்கு எம்சிபிஆர், அவாஸ்ட்டுக்கு அவாஸ்ட் கிளியர், நார்ட்டனுக்கு ரிமூவ் அண்ட் ரீஇன்ஸ்டால். கடைசியில் சொன்னதில் கவனம், பெயரிலேயே இருக்கிற மாதிரி அது எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டுவிடும், உள்ளே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் எடுப்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தக் கருவியானாலும் அந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து, அன்இன்ஸ்டால் தொடங்கும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவாஸ்ட் கிளியர் போன்றவை சேஃப் மோடுக்கு, அதாவது விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் ஓட்டும் நிலைக்கு, போகச் சொல்லும். புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அப்போது ரெகவரி கீ என்று 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும், அது மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் நடுராத்திரி பதற்றம் மிச்சம். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் இடம்) சுத்தம் செய்கிறேன் என்று யாராவது இன்னொரு இலவச சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வருடம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டுமா என்றால், வீட்டில் படிக்கிற பிள்ளைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. காரணம் அடுத்த பதிலில்.

கேள்வி: ஓசியில் வருவது எப்படி நன்றாக இருக்கும்? டிஃபெண்டர் சும்மா பேருக்குத்தான் என்று எங்கள் சிஸ்டம் சர்வீஸ் தம்பி சொல்கிறார். நான் பேருந்து நிலையம் பக்கத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். புதுக் கணினி வாங்கியிருக்கிறேன். (புதுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தம்பி சொல்வது ஒரு காலத்தில் உண்மை. விண்டோஸ் விஸ்டாவிலும் 7-லும் டிஃபெண்டர் என்ற பெயரில் இருந்தது வேவு மென்பொருள்களை மட்டும் பார்த்தது, முழு ஆன்டிவைரஸ் இல்லை. அதற்காக 2009-இல் மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்று தனியாக இலவசமாகக் கொடுத்தார்கள், அது 2012 கடைசியில் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் சோதனையில் சான்றிதழே வாங்கவில்லை. அந்தக் கெட்ட பெயர் இன்னும் போகவில்லை. 2012-இல் விண்டோஸ் 8-உடன் டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாக மாறியது, படிப்படியாகத் தேறியும்விட்டது. அதே ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண், மொத்தம் 18 போடுகிறது, சமீப ஆண்டுகளில் டிஃபெண்டர் பல முறை 18-ஐ எட்டியோ அதை ஒட்டியோ வாங்கியிருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவையும் அதே இடத்தில்தான் நிற்கின்றன.

ஆனாலும் உங்கள் கடைக்கு நான் காசு கொடுத்து ஒன்று வாங்கச் சொல்வேன். டிஃபெண்டரின் கெட்டிக்காரத்தனத்தில் பெரும்பங்கு நெட் வழியாக மைக்ரோசாஃப்டைக் கேட்டு முடிவெடுப்பதில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகளில், நெட் இல்லாதபோது அது பிடிக்கும் அளவு நன்றாகவே குறைகிறது. ஒரு நாளில் எத்தனை பேருடைய பென்டிரைவ் உங்கள் கணினியில் ஏறி இறங்கும்! நெட்டும் அடிக்கடி போகும் என்றால், உள்ளேயே பெரிய பட்டியலை வைத்திருக்கும், பென்டிரைவ் செருகியதும் தானே சோதிக்கும் ஒன்று உங்களுக்குத் தேவை. சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் இரண்டுமே நம் ஊர்ப் பென்டிரைவ் வைரஸ்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவை, இரண்டில் எது உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கிறதோ அது போதும். ஒன்று மட்டும். ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிய பென்டிரைவோடு யாராவது வந்தால், ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளேயேதான் மறைந்திருக்கும், அவசரப்பட்டு ஃபார்மட் செய்து கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: புது கம்ப்யூட்டரில் ஆஃபீஸ் போட வந்தவர், "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணினால்தான் ஆக்டிவேட் ஆகும்" என்று ஆஃப் செய்துவிட்டு ஏதோ செய்தார். அப்புறம் நான் ஒரு ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டேன், அது ஆஃபீஸில் வைரஸ் என்கிறது. ஆஃபீஸும் ஆன்டிவைரஸும் ஒத்துப்போகவில்லை, வேறு ஆன்டிவைரஸ் மாற்றலாமா? (திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனிக்காரர்)

பதில்: ஆன்டிவைரஸை மாற்றாதீர்கள், அது ஒன்றுதான் உங்கள் ஆபீஸில் உண்மை பேசிக்கொண்டிருக்கிறது.

அவர் போட்டது திருட்டு ஆஃபீஸ். அதை ஏமாற்றி ஆக்டிவேட் செய்ய கேஎம்எஸ் என்று தொடங்கும் பெயர்களில் சில கருவிகள் சுற்றுகின்றன, அவற்றை எல்லா ஆன்டிவைரஸும் தடுக்கும் என்பதால் முதலில் காவலை நிறுத்துவார்கள். நிறுத்தியதோடு விட்டால்கூடப் பரவாயில்லை, பலர் டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலில் அந்த ஃபோல்டரையோ, சோம்பேறித்தனத்தில் முழு சி டிரைவையோ சேர்த்துவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பொருள், இந்த இடத்தில் எது இருந்தாலும் இனி பார்க்காதே என்பது. பச்சை டிக் வழக்கம்போல் தெரியும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். 2021-இல் கேஎம்எஸ்பிகோ என்ற பெயரில் இறக்கிய கருவியோடு க்ரிப்ட்பாட் என்ற திருடனும் சேர்ந்து வந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போவதுதான் அதன் தொழில். நீங்கள் ஜிஎஸ்டி, வங்கி எல்லாம் அதே கணினியில்தான் பார்ப்பீர்கள், இல்லையா?

வேறொரு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ வங்கி, மெயில் பாஸ்வேர்டுகளை இன்றே மாற்றுங்கள். உங்கள் டேலி டேட்டாவையும் ஃபைல்களையும் மட்டும் வெளியே ஒரு டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு, புரோகிராம்கள் எதையும் எடுக்காமல், விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். போட வருகிறவர் வேறு ஆளாக இருக்கட்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல் காலியாக இருக்கிறதா என்பதை நீங்களே திறந்து பாருங்கள். பில்லிங் சாஃப்ட்வேர் மெதுவாகிறது என்று அதன் டேட்டா ஃபோல்டர் ஒன்றை அங்கே சேர்ப்பது வேறு விஷயம், அதை அந்தக் கம்பெனிக்காரர்களே சொல்லி, எந்த ஃபோல்டர் என்று உங்களுக்கும் தெரிந்திருந்தால் சரி. ஆஃபீஸுக்குக் காசு செலவழிக்க மனமில்லை என்றால் லிப்ரே ஆஃபீஸ் இலவசம், தமிழிலும் இருக்கிறது. இன்னொன்று, புதுக் கணினிகள் சிலவற்றில் ஒரிஜினல் ஆஃபீஸே சேர்ந்து வருகிறது. வாங்கிய பில்லை ஒருமுறை பாருங்கள், வீட்டிலேயே இருப்பதைத் திருடிக்கொண்டிருக்கப் போகிறீர்கள்.

கேள்வி: அவாஸ்ட், ஏவிஜி இரண்டையும் போட்டால் ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும்தானே? எந்தக் கம்பெனியை நம்புவது என்றும் சொல்லுங்கள். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஏவிஜியை அவாஸ்ட் 2016-இலேயே வாங்கிவிட்டது. உள்ளே வைரஸைத் தேடும் எஞ்சினும் ஒன்றுதான், அதனால் ஒன்று விட்டதை மற்றொன்றும் விடும். இப்போது நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவீரா நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே கம்பெனியின் கையில். கடையில் நான்கு நிறப் பெட்டிகளாகத் தெரிவதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நம்பிக்கை என்று கேட்டதால் சொல்கிறேன். இலவச ஆன்டிவைரஸ் நடத்தவும் காசு வேண்டும், அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பயனாளிகள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக அமெரிக்க வணிக ஆணையம் 2024-இல் அவாஸ்ட்டை 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. விஷயம் வெளியே வந்து 2020-இலேயே ஜம்ப்ஷாட்டை மூடிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காஸ்பர்ஸ்கை கதை வேறு. ரஷ்யக் கம்பெனி என்பதால் அமெரிக்கா 2024-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது, அங்கே அதைக் காசு கொடுத்து வைத்திருந்த பலர் செப்டம்பரில் ஒரு நாள் கணினியைத் திறந்தபோது அது போய், அல்ட்ராஏவி என்ற பெயர் தெரியாத ஒன்று தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. வைரஸைப் பிடிப்பதில் காஸ்பர்ஸ்கை எப்போதுமே கில்லாடிதான், ஆனால் நான் புதிதாக வாங்க மாட்டேன். இருப்பவர்கள் காலம் முடியும் வரை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: டிஃபெண்டர் இருக்கும்போது மால்வேர்பைட்ஸ் போடலாமா? அதுவும் சண்டை போடுமா? (மதுரை, பொறியியல் மாணவர்)

பதில்: இலவசப் பதிப்பு போடலாம். அது எப்போதும் காவலில் இருப்பதில்லை, நீங்கள் கூப்பிட்டால் வந்து தேடிவிட்டுப் போகும். போட்டவுடன் முதல் 14 நாள் மட்டும் காசுப் பதிப்பு ட்ரையலாக ஓடும், அப்போது அதன் செட்டிங்ஸில் விண்டோஸ் செக்யூரிட்டி சென்டரில் பதிவு செய்வதை நிறுத்தி வைத்தால் டிஃபெண்டர் ஒதுங்காது. எதையும் நிறுவாமல் இரண்டாவது கருத்து வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இருக்கிறது. இறக்கிய 10 நாளில் காலாவதியாகும், அடுத்த முறை புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகன் வாங்கித் தந்த கம்ப்யூட்டரில் வலது மூலையில் "உங்கள் ஆன்டிவைரஸ் முடிந்துவிட்டது, 5 வைரஸ்கள் உள்ளன" என்று நாள் முழுதும் வருகிறது. அந்த ஆன்டிவைரஸை நாங்கள் வாங்கவே இல்லை. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். (காரைக்குடி)

பதில்: அம்மா, அந்தப் பெட்டிக்குள் எங்கேயும் அமுக்க வேண்டாம். அது ஆன்டிவைரஸே இல்லை, விளம்பரம். ஏதோ ஒரு தளத்தில் கோலம், சமையல் குறிப்பு பார்க்கும்போது "அலவ்" என்று கேட்டிருக்கும், நீங்களும் அமுக்கியிருப்பீர்கள், அந்தத் தளம்தான் பிரவுசர் வழியாக இப்படிக் கூப்பாடு போடுகிறது. உற்றுப் பார்த்தால் அந்தப் பெட்டியிலேயே சின்ன எழுத்தில் குரோம் என்றும் ஏதோ ஒரு தளத்தின் பெயரும் இருக்கும். குரோமைத் திறந்து, மேலே வலதில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும், தெரியாத பெயர்களை எல்லாம் நீக்கிவிடுங்கள். மகனோடு வீடியோ காலில் பேசும்போது செய்தால் ஐந்து நிமிட வேலை.

அதில் இருக்கும் எண்ணுக்கு போன் செய்து யாருக்காவது கார்டு விவரமோ ஓடிபியோ சொல்லியிருந்தால், அல்லது அவர்கள் சொல்லி ஏதாவது ஆப் இறக்கியிருந்தால், கம்ப்யூட்டரின் நெட்டைத் துண்டித்துவிட்டு வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே பேசுங்கள். பணம் போய் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம், மகனிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம்.